மாமா பேசாமல் கிடந்த மாசி

மாமாவின் இடது கண்ணைச் சுற்றி ரப்பர் வளையம் பதிந்த வட்டம் தெரிந்தது. டாக்டர் அப்போதுதான் ஒரு சிறு கருவியைக் கண்ணோடு பொருத்தி, ஒளி பாய்ச்சிப் பார்த்திருந்தார். நுவரெலியாவில், தீவிர சிகிச்சைப் பிரிவில், மாசி அமாவாசை கழிந்த வாரம் அது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சிவன் மதனை எரிக்கும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியாயிற்று.

நிமோனியா முற்றி, மூச்சுக்குக் குழாய் வைத்து, அதை எடுத்த பிறகும் மாமா பேசவில்லை. கூப்பிட்டால் கண் திறப்பார். பிறகு கூரையைப் பார்த்தபடி கிடப்பார். கஞ்சியைத் தொடவில்லை. எங்களுக்கு அது புதிதாகப் படவில்லை. கூத்தில் மதன் வேடம் கட்டுகிறவர் அவர். காப்புக் கட்டினால் மதன் எரியும் நாள்வரை வாய் திறக்கமாட்டார்.

"வெரதத்துல இருக்காரு, யாரும் பேச்சுக் குடுக்காதீங்க" என்று, பார்க்க வந்த எல்லோரையும் மாமி வாசலிலேயே அடக்கினார். தொந்தரவு தராத நோயாளி என்று வார்டிலும் நல்ல பெயர்.

கண்ணைச் சோதித்த யாழ்ப்பாணத்து டாக்டர் மட்டும் நம்பவில்லை. "வெளிச்சம் பட்டால் கண்மணி டக்கெண்டு சுருங்க வேணும். இவருக்கு நேற்றையைவிட இண்டைக்கு இன்னும் மெதுவா சுருங்குது." அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்று, தன் கையை மாமாவின் கைக்குள் வைத்தார். "நான் 'ஆ' எண்டு சொல்லேக்க மட்டும் அமத்துங்கோ." மாமா முதலில் அவர் ஒவ்வொன்றாகச் சொன்ன எல்லா எழுத்துக்கும் அமுக்கினார்; பிறகு எதற்கும் அமுக்கவில்லை.

"அம்மா, இது விரதமில்லை. மூளை குழம்பிக் கிடக்கு. சத்தமில்லாமல் கிடக்கிறதாலதான் ஒருத்தருக்கும் தெரியேல்ல. இப்பிடியே விட்டால் ஆளைத் திருப்பி எடுக்கிறது கஷ்டம். கதையுங்கோ. என்ன நாள், எந்த இடம் எண்டு சொல்லிக்கொண்டே இருங்கோ."

மாமி சேலைத் தலைப்பை முறுக்கியபடி நின்றார். விரதத்தைக் கலைத்தால் சாமி குற்றம். கலைக்காவிட்டால் மாமா இல்லை. கூத்தில், எரிந்த மதனை ரதி அழுது மீட்பாள். மாமி அழவில்லை. மாமாவின் மூக்குக்கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டு, காதருகே குனிந்து சண்டை பிடித்தார்.

"ஏங்க, இது ஆஸ்பத்திரி. நீங்க காப்பும் கட்டல, ஒண்ணும் கட்டல. இன்னைக்கு வியாழக்கெழம. ஒங்க தம்பிதான் மதன் வேசம். கிரீடம் அந்த மண்டையில நிக்கலையாம், துணி வச்சிக் கட்டியிருக்காங்க."

மருந்து ஒரு பக்கம், மாமியின் வாய் ஒரு பக்கம். ஒவ்வொரு நாளும் கருவி கண்ணருகே போகும்போது நான் டாக்டரின் முகத்தையே பார்ப்பேன். கூத்து முடிந்தும் மாமி கிரீடப் பேச்சை விடவில்லை. ஒரு பிற்பகல், கரகரத்த குரல் கேட்டது:

"துணி நழுவும். பஞ்சு வைக்கச் சொல்லு."

மாமி அப்போதுதான் அழுதார்.

ஒரு வருடம் கழித்து, இந்த மாசியில் மாமா மறுபடியும் காப்புக் கட்டி, வாய் மூடியிருக்கிறார். காலையில் மாமி அவர் முன்னால் உட்கார்ந்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்கிறார். "பேச வேணாம். வியாழக்கெழமன்னா கைய அமுக்குங்க." மாமா முறைத்துக்கொண்டே அமுக்குகிறார். கண்மணி சுருங்குகிறது. மாமி வெளிச்சத்தை அணைத்துவிட்டு, கொழுந்து பறிக்கப் புறப்படுகிறார்.