தலைமை நிர்வாகியின் சீயக்காய்

என் குளியலறை அலமாரியில் பிரிக்காத சீயக்காய்ப் பொட்டலம் ஒன்று வெகுநாளாக இருக்கிறது. தலையில் முடி இருந்த காலத்திலேயே நான் அதைத் தொட்டதில்லை. இப்போது தொட வேண்டிய அவசியமும் இல்லை. தூக்கிப் போடட்டுமா என்று மனைவி கேட்கும்போதெல்லாம், அது அலுவலகச் சொத்து என்பேன். ஒருவகையில் உண்மைதான். தொழில்முறைக் கபடி அணி ஒன்றில் பத்திரிகைத் தொடர்பாளனாக நான் காலம் தள்ளியபோது, அதன் தலைமை நிர்வாகி என்னை வாங்கிவரச் சொன்ன பொட்டலங்களில் மிஞ்சியது அது.

நிர்வாகி தென்காசிப் பக்கத்து வடகரைக்காரர். அலுவலகம் முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கடையம் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் மைக் பிடித்துத் தொடங்கியவர். வளைகுடாவுக்குப் போய் ஒரு பெரிய விளையாட்டரங்கின் வாசலில் டிக்கெட் கிழித்து, மெல்ல மெல்ல அந்த அரங்கையே நடத்தும் இடத்துக்கு உயர்ந்து, கழுத்தில் டையோடு ஊர் திரும்பியவர். கபடி அவர் ஆடியதே இல்லை. தோல்வியைப் பற்றிப் பயிற்சியாளர் புலம்பினால் காது கொடுக்க மாட்டார். "தோத்தா அடுத்த வாரம் ஜெயிச்சுக்கிடலாம்லே. ஆட்டம் நின்னு போச்சுன்னா ஜனம் திரும்பி வராது" என்பார். அவருடைய நிர்வாகவியல் அவ்வளவுதான். அதை ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்துக்கு நீட்டிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சாரல் காலத்தில் ஓர் ஆட்டத்தைத் தென்காசியில் நடத்தியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அங்கெல்லாம் யார் வருவார்கள் என்றார்கள் முதலாளிகள். ஆட்டம் சரியாக நடக்காவிட்டால் வேலையை விட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார். தற்காலிகக் கொட்டகை பொழுது சாயும் முன்பே நிறைந்துவிட்டது. ஆனால் அன்று காலையே, அவருக்குள் இருந்த நிர்வாகி தூங்கிவிட, வடகரைக்காரர் விழித்துக்கொண்டுவிட்டார். வெளியூர்க்காரன் குற்றாலம் வந்து எண்ணெய் தேய்க்காமல் போனால் நமக்குத்தானே மரியாதைக் குறைவு? இரண்டு அணிகளையும் வேனில் ஏற்றி ஐந்தருவிக்கு அனுப்பினார். அத்தனை அகலமான முதுகுகளைக் கண்ட உற்சாகத்தில் எண்ணெய் தேய்ப்பவர்கள் தாராளமாகவே தேய்த்தார்கள். அருவியில் சோப்பு போடத் தடை. எண்ணெய் உடம்பிலேயே தங்கிவிட்டது.

கபடியில் எண்ணெய் உடம்போடு களமிறங்க விட மாட்டார்கள், பிடி நிற்காது. நடுவர் ஒரு வீரரின் தோளைத் தடவிப் பார்த்து, விரலை மூக்கருகே கொண்டுபோனார். அடுத்த அணியிலும் ஒருவரைத் தடவிப் பார்த்தார். அரை மணி நேரம் தருகிறேன், இல்லாவிட்டால் ஆட்டம் ரத்து என்றார். உள்ளே ஜனம் விசிலடித்துக்கொண்டிருந்தது. அருவிப் பக்கமே போகாத அண்ணாச்சியின் முகத்திலும் எண்ணெய் வழிந்தது.

"இங்கன நின்னு என்னலே பாக்க? பஜாருக்கு ஓடு. சீயக்காய் இருக்கது அம்புட்டையும் அள்ளிட்டு வா."

நான் பை நிறைய வாங்கி வந்தபோது கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் லாரி நின்றது. வீரர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அண்ணாச்சி டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, பெரும்பாலும் அரியானாவிலிருந்து வந்த, தமிழ் தெரியாத அந்த வீரர்களிடம், "திரும்புலே. கையத் தூக்கு. கண்ண மூடு, எரியும்" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தார். அவர்களும் திரும்பினார்கள், தூக்கினார்கள், மூடினார்கள். எதிரணித் தலைவர் இதுவும் வரவேற்பில் சேர்த்தி என்று நினைத்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நானும் சில முதுகுகளைத் தேய்த்தேன். அந்த உத்தியோகத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

நடுவர் மறுபடி தடவிப் பார்த்துத் தலையசைத்தார். ஆட்டம் நடந்தது. நாங்கள் கேவலமாகத் தோற்றோம். அண்ணாச்சி அதைக் கவனிக்கவே இல்லை. நனைந்த சட்டையோடு வாசலில் நின்று, கலைந்து போகிறவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தோளில் தூக்கிப்போன ஒருவர், "அடுத்த ஆட்டம் எப்பம் அண்ணாச்சி?" என்று கேட்டார். "சொல்லுதேன், சொல்லுதேன்" என்றவர், அப்படியே படியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

அதன்பின் சாரல் வந்தால் தென்காசியில் ஓர் ஆட்டம் என்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் அண்ணாச்சி ஓய்வு பெற்றார். நேற்று போன் வந்தது.

"சாரல் ஆரம்பிச்சிட்டு. ஐந்தருவியில தண்ணி நல்லா விழுது. வா, எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு வருவோம்."

"ஆட்டம் எதுவும் இல்லையே, அண்ணாச்சி?"

மறுமுனையில், அத்தனை வருடத்தில் நான் கேட்டிராத சாவகாசமான சிரிப்பு. "இல்லலே. இனிமே நம்மள எவன் பிடிக்கப் போறான்? வழுக்குனா வழுக்கட்டும்."

சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன். பிறகு யோசித்து, திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.