புகையிலைக் கொட்டகையின் மண்

திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பாடம் செய்து பதமாக்கிய புகையிலையில் பூச்சிமருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். இலையை அரைத்து, கரைசலில் குலுக்கி, வடிகட்டிக் கருவிக்குள் செலுத்தினால் திரையில் கோடு ஓடும். மருந்து இருந்தால் அந்தக் கோடு ஊசிபோல எழும்பும்.

செம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருத்தியின் இலையில் டி.டி.டி. என்ற பழைய பூச்சிமருந்தின் ஊசி எழும்பியது. பயிருக்கு அதைத் தடைசெய்து எத்தனையோ வருஷமாயிற்று. கருவியில் கோளாறோ என்று வெறும் கரைசலை ஓட்டிப் பார்த்தேன். கோடு படுத்தே கிடந்தது. மறுபடி அவள் இலை. மறுபடி அதே ஊசி.

போனில் கேட்டேன். "நான் அப்படி எதுவும் அடிக்கலம்மா. வேணும்னா வந்து பாருங்க" என்றாள்.

மத்தியானம் போனேன். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். வீட்டை ஒட்டிய மண்தரைக் கொட்டகையில் இலைகளைப் போராக அடுக்கிப் பாடம் செய்கிறாள். செருப்பை வெளியே விட்டு உள்ளே நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. செத்த நேரம் நின்ற பிறகுதான் புரிந்தது. அவ்வளவு பழைய கொட்டகையில் ஒரு சிலந்தி வலை இல்லை. ஓர் எறும்பு இல்லை. வாசலில் மொய்த்த ஈக்கள் உள்ளே வரவில்லை.

"புகையிலை நெடியோ?" என்றேன்.

"இலை இல்லாத மாசத்துலயும் இப்படித்தான். கொசுவே கடிக்காது. அதான் எல்லாரும் இங்கனயே படுத்துக்கிடுவோம்." பெருமையாகச் சொன்னாள். மூலையில் பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"முன்னாடி இங்க என்ன வச்சிருந்தாங்க?"

"எங்க மாமனாரு பூச்சிக்கு அடிக்கிற வெள்ளைப் பொடி மூட்டை அடுக்கியிருந்தாராம். ஊருக்கே இங்கருந்துதான் போகுமாம். நான் கட்டிக்கிட்டு வாரதுக்கு முன்னாடியே அவரு போய்ச் சேர்ந்துட்டாரு."

எனக்கு உள்ளங்கால் கூசியது.

தரையைச் சுரண்டி ஒரு பிடி மண் கொண்டுவந்து கருவியில் ஓட்டினேன். கோடு திரையின் உச்சியில் முட்டி நின்றது.

"இனி அங்க யாரும் படுக்காதீங்க" என்று போனில் சொன்னேன்.

"சின்னவன அந்தத் தரையிலதாம்மா தவழவிட்டேன்."



அந்த இலையை அவள் விற்கவில்லை. தரையை வெட்டி, மண்ணைச் சாக்குகளில் கட்டினாள். எங்கே கொட்டுவது என்று கேட்டாள். விளைகிற காட்டிலும் வேண்டாம், கிணற்றுப் பக்கமும் வேண்டாம் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. நானும் அலுவலகம் அலுவலகமாகக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம் பேசினாள். "கொல்லையிலதான் கெடக்கு, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கோம். நாய் மட்டும் அந்தப் பக்கம் போகாம சுத்திக்கிட்டுப் போகுதும்மா."