பிரியாத கட்டு

கணவரை விட்டு வந்த அன்று என் கொழுந்தன் ஊரார் முன்னால் சொன்னான்: "இவ கட்டுனதெல்லாம் பிரிஞ்சுதான் போகும்."

பல வருடம் கழித்து, செக்காலை ரோட்டில் நான் நடத்தும், சாமான்களைப் பார்சல் கட்டும் கடைக்கு அவனே வந்து நின்றான், பெங்களூருக்கு விற்ற நிலைக்கண்ணாடியோடு.

ஒரு மூலைக்குத் தெர்மாகோல் வைக்காவிட்டால் போதும், லாரியிலேயே நொறுங்கிவிடும். என் கை அங்கேயே நின்றது. உடைந்தால் அவன் சொன்னது பலித்துவிடுமே!

நாலு மூலைக்கும் இரட்டையாய் வைத்தேன். மரச்சட்டம் அடித்து, பேலட் பலகையில் நிறுத்தி, பட்டை மேல் பட்டையாக இறுக்கினேன். ஒவ்வொரு இழுப்பிலும் அவன் கழுத்துதான் தெரிந்தது.

சரக்கோடு போனவன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். "என்ன மதினி இப்படிக் கட்டியிருக்கீக? காலையிலேருந்து பிரிக்கிறேன், கையெல்லாம் கிழிஞ்சிருச்சு. வாங்குனவுக சிரிக்கிறாக!"

"நான் கட்டுனது பிரியாது தம்பி" என்று வைத்துவிட்டேன்.

இன்றும் அவனை மன்னிக்கவில்லை. யாருடைய சரக்கைக் கட்டினாலும், அந்தப் புலம்பலை நினைத்து இன்னொரு சுற்று இறுக்குகிறேன்.