பொனற்றில் ஆறிய தேத்தண்ணி

கிளேட்டனில் அக்கா வீட்டு வாசலில் நின்ற காரின் முன்மூடியில், பொனற்றில், ஒரு கோப்பை தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே அக்காவின் கணவர், என் அத்தான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். "மாமா ஏன் இறங்கேல்லை?" என்று கேட்டீர்கள், பிள்ளைகளே. நீங்கள் சின்னப் பிள்ளைகள், நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் பெரிய வழக்குகளில் ஒருவன் குற்றவாளியா இல்லையா என்று நீதிபதி தனியே தீர்மானிப்பதில்லை. சாதாரண சனத்தில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதுதான் ஜூரி. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அத்தானுக்கும் கடிதம் வந்தது.

"இங்கிலிஷ் விளங்காதெண்டு எழுதிவிடுங்கோ அத்தான். ஆர் உதுக்குள்ள போய் மாட்டுப்படுறது?" என்று சிரித்தேன்.

"பஸ்ஸில சனத்தோட சண்டை பிடிக்கிற இங்கிலிஷ் உதுக்குக் காணும்" என்றார். பிறகு குரல் மாறியது. "ஊரில என்ர தம்பியைப் பிடிச்சுக் கொண்டுபோன ஆமிக்காரங்கள் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லையடா. இங்க கூப்பிட்டுக் கேக்கிறாங்கள். மாட்டன் எண்டு சொல்லவோ?"

தெருச் சண்டையில் ஒருவர் செத்த வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு இருபது வயதுதான் இருக்கும். மூன்று கிழமை அத்தான் தினமும் கோர்ட்டுக்குப் போய் வந்தார். வந்ததும் காருக்குள்ளேயே இருந்துவிடுவார். அக்கா தேத்தண்ணியைப் பொனற்றில் வைத்துவிட்டு உள்ளே போவாள். ஜூரிகளின் அறைக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாது, அது சட்டம். அத்தான் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

கடைசி நாள் 'குற்றவாளி' என்று தீர்ப்பானது. அன்று மட்டும் என்னிடம் பேசினார். "இது கோர்ட்டில எல்லாருக்கும் முன்னால நடந்தது, சொல்லலாம். பெடியன்ர தாய் அழேல்லை. எங்களைப் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருத்தராப் பாத்தா. என்னைப் பாக்கேக்க நான் குனிஞ்சிட்டன். தம்பியைத் தேடிப்போன இடமெல்லாம் என்ர அம்மாவும் ஆமிக் காம்ப் வாசல்ல நிண்டு இப்பிடித்தான் ஒவ்வொரு முகமாப் பாத்தவ."

தீர்ப்பு சரி என்று நம்பினாரா என நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அதற்குப் பிறகும் பல நாள் அவர் காரை விட்டு இறங்க நேரமெடுத்தது. இப்போது அத்தான் இல்லை.

போன கிழமை எனக்கும் அதே கடிதம் வந்தது. "அப்பா, இங்கிலிஷ் வராதெண்டு போடுங்கோ, ஈஸி" என்று மூத்தவள் சிரித்தாள். அது அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு. அவளோடு எனக்குக் கோபமில்லை. விளங்கும் என்றே படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன்.

பிள்ளைகளே, ஒருநாள் நானும் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருக்கக்கூடும். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போங்கள்.