மாசிலாமணி சாருக்கு மண்டபம் வேண்டாம்

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு மணி அடித்த சற்று நேரத்தில் பள்ளிச் சேவகர் சுற்றறிக்கையைக் கொண்டு வந்தார். ஏழாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். வாங்கிப் படித்தேன். நம் பள்ளியில் பதினோரு வருஷம் கணக்கு ஆசிரியராக இருந்த மாசிலாமணி சார் அன்று காலை கொட்டாரத்தில் தம் வீட்டில் காலமானார். பள்ளிக்கு அரை நாள் விடுமுறை. மாலையில் அடக்கம். அவர் நினைவாக வண்டிக் கொட்டகை இருக்கும் இடத்தில் ஒரு மண்டபம் எழும்பும். ஆகவே கொட்டகை அன்றே பூட்டப்படும். கடைசி வரியில் என் பெயர். நினைவுக் கூட்டத்தில் வாசிக்க அன்னம்மாள் டீச்சர் இனிமையாக ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம்.

அந்தக் கொட்டகையில்தான் சார் பதினெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் நம் பள்ளி வெளியே அனுப்பியவர்கள். அவர்களை இன்னொரு தடவை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டு அவர் பெயரில் மண்டபமாம். உயிரோடு இருக்கையில் ஒரு கரண்டி நெய்க்கு வழியில்லை, ஓமத்துக்கு மூன்று கரண்டி என்பார்கள். எனக்கு வயிறு எரிகிறது. இனிமையாக எழுத வரவில்லை.

சாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குள்ளமான மனிதர். கோட்டுப் பையில் எப்போதும் சாக்கட்டித் துண்டுகள் கிடக்கும். பாட்டு வராது. ஆலயத்தில் அவர் பாடினால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் இன்னும் சத்தமாகப் பாடுவார். வடசேரிச் சந்தையில் ஒரு வாழைக்குலைக்கு அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு, வாங்காமல் வந்துவிடுவார்.

அவர் சேர்ந்த முதல் வருஷமே என்னிடம் வந்து கேட்டார். "டீச்சரே, கடைசி பெஞ்சு ஒழிஞ்சு கெடக்கே, பிள்ளையோ எங்க போச்சு?"

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வாறாருல்லா சார்" என்றேன்.

அது எங்கள் பள்ளி வழக்கம். சர்க்கார் இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வருமுன், தேற மாட்டார்கள் என்று தோன்றுகிற பெரிய பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்துவிடுவோம். நின்றதற்குக் காரணம் என்ற இடத்தில் 'தன் விருப்பம்' என்று எழுதுவோம். பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். பனை ஏறும் தகப்பனுக்கு உதவிவிட்டுப் பத்தரைக்கு ஓடி வருகிறவன், கன்னிப்பூ நெல் அறுப்பு முடியும்வரை வர முடியாதவள், எத்தனை அடித்தாலும் எழுத்துக் கூட்ட வராதவன். இவர்களா விரும்பி நின்றார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். நானும் சேர்ந்துதான் மறைத்தேன்.

அப்படி நான் அடித்த பெயர்களில் ஒன்று நேசம். பதினாலு வயது, காது மந்தம். இன்ஸ்பெக்டர் வாயால் கேள்வி கேட்பார், அவளுக்குக் கேட்காது, பள்ளிக்குத்தான் கெட்ட பெயர் என்றார் தலைமையாசிரியர். ஏழாம் வகுப்புத் தேறி ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன்.

மறுநாள் சார் பதிவேட்டோடு வந்தார். "இது உங்க கையெழுத்தா டீச்சரே?"

"தலைமையாசிரியர் சொன்னாரு சார்."

"அவரு சொன்னாரு. கை உங்களுக்க கைல்லா?"

பெரிய நியாயஸ்தர் வந்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரம். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அந்த மூன்று நாளில் அவர் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பாதிரியாரின் வில்வண்டி நின்ற இடம். மோட்டார் வந்தபின் கோழிகள் குடியிருந்தன. நீக்கிய பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வந்தார். அங்கே மணி கிடையாது. வந்த நேரத்தில் பாடம், விட்ட இடத்தில் தொடக்கம். காலை மணிக்கு முன்பும் மத்தியானமும் சாயங்காலமும் சார் இருப்பார். இடையில் வருகிறவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். எழுத்து வராதவன் மணலில் விரலால் எழுதிப் பழகினான். நேசத்துக்கு எல்லாமே பலகையில். அறுப்புக் காலத்தில் சார் வயல் வரப்புக்கே போய்விடுவார்.

பள்ளியை நடத்தும் கமிட்டிக்காரர்கள் அதற்குத் தொழுவம் என்று பெயர் வைத்தார்கள். சார் சிரித்தார். "தொழுவத்துல பொறந்தவருக்குத்தானே நாம ஞாயித்துக்கிழமை பாட்டு படிக்கோம்."

இரண்டு வருஷம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்த அன்று, சார் நேசத்தை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "ஐயா, கேள்வியை எழுதிக் குடுங்கோ. பதிலை எழுதித் தருவா." இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். எட்டுக் கேள்வி எழுதினார். ஏழுக்குச் சரியான பதில். தேறியவர் பட்டியலில் சேர்க்க அவர் பேனாவைத் திறந்து அவள் பெயரைக் கேட்டபோது தலைமையாசிரியர் பழைய பதிவேட்டை நீட்டினார். இந்தப் பெண் நம் பள்ளியில் இல்லை, தன் விருப்பத்தால் நின்றுவிட்டாள் என்றார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "அப்படியா அம்மா?"

நான் "ஆமாம்" என்றேன்.

பேனாவை மூடிவிட்டார். நாங்கள் பேசியது நேசத்தின் காதில் விழவில்லை. மூடிய பேனா தெரிந்தது.

சார் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சாயங்காலம் வந்து, "நாளைக்கு மத்தியானம் எனக்கு வடசேரி வரை போணும். ரெண்டு மணிக்கூர் கொட்டகையில இருப்பியளா டீச்சரே?" என்று மட்டும் கேட்டார். போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் போகிறேன். நேசத்தைச் சோதனைக்கு விடச் சொல்லி அவர் கமிட்டிக்கு எத்தனையோ மனு எழுதினார். பார்ப்போம், பார்ப்போம் என்றே காலத்தைக் கடத்தினார்கள். இன்று அவளுக்கு இருபத்து நாலு வயது. பயிற்சி இல்லை, சம்பளம் இல்லை. பதினெட்டுப் பேரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவள் அவள்தான்.

அடக்கத்தில் கமிட்டித் தலைவர் சாரை ஏழைகளின் தோழர் என்றார். மனுக்களைத் தம் மேஜைக்குள் வைத்திருந்தவர் அவர்தான். கல்லறைத் தோட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளை முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். கொட்டகைப் பிள்ளைகளைச் சுவருக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள்.

புதன்கிழமை காலை கொட்டகைக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகள் வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேசம் வந்தாள். பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு சாக்கட்டியை எடுத்து, மூடிய கதவிலேயே வகுத்தல் கணக்கு ஒன்றை எழுதினாள். பிள்ளைகள் வெயிலில் தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களைக் கலைக்கச் சொல்லித் தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"பழைய பலகையை விட இது பெரிசு டீச்சரே" என்றாள்.

அன்றே இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். நேசம் தன் விருப்பத்தால் நிற்கவில்லை, நாங்கள் வெளியேற்றினோம், அன்று உங்களிடம் நான் சொன்னது பொய், அவளைச் சோதனை செய்யுங்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்தாயிற்று. என் வேலை போகலாம். போகட்டும்.

கமிட்டியார் கேட்ட கட்டுரை இதுதான். கூட்டத்தில் வாசிக்க விடாவிட்டால் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று வாசிப்பேன்.

சார், நிம்மதியாகப் போய் வாருங்கள். நான் இருக்கும்வரை உங்களுக்கு மண்டபம் கட்ட விடமாட்டேன்.