பில்டர் தண்ணீரில் பட்டினி

போன வாரம் பிலிமத்தலாவையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்தேன். செத்தது... செடி.

என் மனைவியின் தம்பி ரவி, கந்தோரில் கிளாக்கர் வேலையை உதறிவிட்டு மீன் தொட்டிக் கடை போட்டவன். கண்டி டவுனில் ஒரு பல் டொக்டரின் கிளினிக்குக்குத் தொட்டி வைப்பதுதான் அவனுடைய முதல் ஓடர். சனிக்கிழமை கொண்டுபோக வேண்டும். அது கைநழுவினால் கடைக்குப் பூட்டு. பழையபடி கந்தோர் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

தொட்டிக்குள் வேலம்பாசி என்ற நீர்ச்செடி மஞ்சளாகி, அழுகி, கண்றாவியாகக் கிடந்தது.

"என்ன குறை வச்சேன் அத்தான்? நாம குடிக்கிற பில்டர் தண்ணியத்தான் இதுக்கும் ஊத்துறேன்!" என்றான் ரவி, அழாத குறையாக.

கிட்னிக்குப் பயந்து நாமெல்லாம் பில்டர் தண்ணீருக்கு மாறியாச்சு, சரி. செடிக்கு ஏதப்பா கிட்னி? போதாக்குறைக்கு இரண்டு காற்று மோட்டர்கள் வேறு. தொட்டி முழுக்கக் குமிழி. ஐசியூ தோற்றது!

என் மனைவி பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் சொன்னால் கேட்கும்... தம்பி மட்டும் கேட்க மாட்டான். அவள் நேராகக் கடைக்குப் பின்னால் போனாள். அங்கே கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தொட்டி. மிஞ்சிய வேலம்பாசியை ரவி அதில்தான் வீசியிருந்தான். வெறும் கிணற்றுத் தண்ணீர், கவனிக்க ஆளில்லை. செடியோ பச்சைப் பசேலென்று தொட்டியை அடைத்துக்கொண்டு நின்றது! இலைகளில் மட்டும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"அழுக்கு" என்றான் ரவி.

"அழுக்கில்லடா. சாப்பிட்டுட்டு வச்ச மிச்சம்" என்றாள் அக்கா.

விஷயம் இதுதான். செடிக்குச் சாப்பாடு காபனீரொட்சைட்டு, நாம் மூச்சில் வெளியே விடும் அதே வாயு. காற்றில் அது தாராளமாகத் திரியும். தண்ணீருக்குள்ளோ, நம்ம பேராதனை ரோட்டு டிராஃபிக் — நகர்ந்தால்தானே? அந்தப் பஞ்சத்தைச் சமாளிக்கத்தான் மூழ்கிக் கிடக்கும் செடி இலையை ரிப்பன் மாதிரி மெல்லிசாக வைத்துக்கொள்கிறது. அதுவும் போதாவிட்டால், தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்திலிருந்து காபனை உருவிக்கொண்டு, சுண்ணாம்பை இலை மேலேயே விட்டுவிடுகிறது. தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலுக்குள் படியுமே, அதே வெள்ளைதான்.

"அந்தச் சாப்பாட்டத்தான் நீ பில்டர்ல வடிச்சி எடுத்துட்ட. மீன் விடுற மூச்சில கொஞ்சம் கிடைச்சா, அதையும் குமிழி விட்டு வெரட்டுற. பாவம்டா அது!" என்றாள் அக்கா.

அன்பு அளவு மீறினால் இப்படித்தான். கொலை என்று பெயர் வைக்க முடியாது... அக்கறை என்றுதான் சொல்ல வேண்டும்!

சனிக்கிழமை கிளினிக்கில் தொட்டியை இறக்கினோம். கிணற்றுத் தண்ணீர், கிணற்றடிச் செடி, மோட்டர்களுக்கு லீவு. டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, இலை முழுக்கக் காரை பிடிச்சிருக்கு?"

ரவியின் முகத்தில் ஈயாடவில்லை. பல்லில் காரையைக் கண்டாலே சுரண்டாமல் விடாத இனம், இலையில் கண்டால் சும்மா இருக்குமா?

"டொக்டர், அது... செடி நல்லா சாப்பிடுதுன்னா அப்படித்தான் படியும்" என்று இழுத்தான்.

அம்மா மறுபடி குனிந்து செடியைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஓம், நல்ல பச்சையாத்தான் நிக்குது. இஞ்சயே இருக்கட்டும். ஆனா தம்பி... இந்த விளக்கத்த என்ர பேஷண்ட்மாருக்குச் சொல்லிப்போடாதேங்கோ!"