இறங்கி வந்தவர்

வேலையிடத்தில் எல்லாரும் அவரை உச்சியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக உயரமான கட்டடங்களுக்குக் கிரேன் ஓட்டியவர். காலையில் சாப்பாட்டையும் தண்ணீர் பாட்டிலையும் முதுகில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் தரையை மிதிப்பார். மேலேயே உட்கார்ந்து பழகியதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கீழே நடமாடுகிற எல்லாரும் அவருக்கு எறும்பு. சூப்பர்வைசர் மட்டும் வழுக்கை எறும்பு. இது சூப்பர்வைசரின் காதுக்கும் போயிருந்தது.

அவருக்கு ஒரே தங்கை. அவள் புருஷன் வேலையில்லாமல் அலைந்தபோது அதே கிரேனில் இரண்டாவது ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டவர் உச்சியார்தான். அதை நாலு பேர் நடுவில் சொல்லிக் காட்டவும் தயங்கமாட்டார். தங்கை புருஷன் வாய் திறக்காமல் கேட்டுக்கொள்வான்.

அன்று மத்தியானம் காற்று பிடித்துக்கொண்டது. கேபினில் இருந்த காற்று மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஆடியது. தூக்க வேண்டியதோ நீளமான இரும்புக் கம்பிக் கட்டு. உச்சியார் இயந்திரத்தை நிறுத்தினார்.

"என்னய்யா, தூங்கிட்டியா? தூக்கு!" என்று வயர்லெஸில் சூப்பர்வைசரின் குரல் வந்தது.

"காத்து அடங்கட்டும் சார்."

"இன்னைக்கு தளம் முடிக்கணும். நான் சொல்றேன், தூக்கு."

"நீங்க கீழ நின்னு சொல்றீங்க. நான் தூக்க மாட்டேன்."

இறங்கிவிட்டார். சூப்பர்வைசர் அவரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பக்கத்தில் நின்ற தங்கை புருஷனின் தோளில் கையைப் போட்டு, "நீ ஏறு. இன்னையிலருந்து இது உன் கிரேன்" என்றார்.

உச்சியார் அவன் கையைப் பிடித்தார். "மாப்ள, வேணாம். முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் இறங்கியிருக்கேன்."

"விடுங்க மச்சான். எத்தனை நாளைக்கு உங்க வாலப் பிடிச்சுட்டே திரியிறது?"

சுருக்கென்று தைத்தது. உச்சியார் கையை விட்டார். "போ, பட்டாத்தான் தெரியும்" என்று வேறு சொல்லிவிட்டார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கம்பிக் கட்டு காற்றில் சுழன்று கிரேன் கோபுரத்தின் மேலேயே மோதியது. கிரேனின் கை மடங்கி, கேபினோடு கான்கிரீட் தளத்தில் விழுந்தது. தகரத்தை வெட்டி அவனை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. அதில் முதல் அரை மணி நேரம் அவனுக்கு உயிர் இருந்தது. "மச்சான்... மச்சான்..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். உச்சியார் வெறுங்கையால் தகரத்தை இழுத்து விரல்களைக் கிழித்துக்கொண்டார்.

விசாரணையில் சூப்பர்வைசர், தான் யாரையும் ஏறச் சொல்லவில்லை என்றார். பொறுப்பான ஆபரேட்டர் கோபத்தில் கிரேனை விட்டுவிட்டுப் போய்விட்டார். அனுபவமில்லாதவன் தானாக ஏறிவிட்டான். இதுதான் அவர் சொன்ன கதை. அங்கே நின்றிருந்த பதினோரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றார்கள். தங்கைக்குக் கம்பெனி அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அண்ணன் வேலையைப் போட்டுவிட்டுப் போனதால்தான் தன் புருஷன் செத்தான் என்று அதில் எழுதியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

"அது பொய்னு உனக்கே தெரியும்மா" என்றார் உச்சியார்.

"உன்னைத் தவிர அங்க கிரேன் ஓட்டத் தெரிஞ்ச ஆள் அவர் ஒருத்தர்தான். நீ இறங்கினா யாரை ஏத்துவாங்கன்னு உனக்குத் தெரியாதாண்ணா? போன்னு நீ சொன்னியா, இல்லையா?"



உரிமம் பறிபோனது. இப்போது ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார். போன மாதம் தங்கையைப் பார்க்கலாம் என்று அந்த அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தேநீர்த் தட்டோடு சூப்பர்வைசரின் அறைக்குள் போய்க்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் இப்போது மேனேஜர். காவலாளி உள்ளே போய் அவளிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"உங்களை யாருன்னே தெரியாதுங்கறாங்க. கிளம்புங்க."

உச்சியார் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். காவலாளி மறுபடியும் கையைக் காட்டினார். இந்தத் தடவை உச்சியார் சொன்னதைச் செய்தார்; போய்விட்டார்.